வாயில் குண்டூசி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையில் இருக்கிறது, மகளின் சான்றிதழ்களில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ஜிப்பக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த சலூன்காரருக்கும் அவள் ஜிப்பக்காதான். "வயசுக்கு மரியாதை இல்லீங்க, வேலைக்கு மரியாதை" என்பார் அவர்.

கடை, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வாசலில் நிற்கலாம், நடுவில் குனியலாம், கடைசியில் உட்காரத்தான் முடியும். தலைக்கு மேலே நாலு மாடிக்காரர்களும் ஏறி இறங்குவார்கள். யார் போகிறார்கள் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒரு தையல் மிஷின், ஒரு குறடு, ஜிப்பில் ஏறி இறங்கும் ரன்னர்களை அளவு வாரியாகப் போட்டுவைத்த பதினெட்டு டப்பா. பை, பெட்டி, கால்சட்டை, மழைக்கோட்டு என எது வந்தாலும் ஜிப்பை ஒருமுறை மேலே இழுப்பாள், ஒருமுறை கீழே இழுப்பாள். "பல்லு நல்லா இருக்கு, ரன்னர்தான் வாயைப் பொளந்துடுச்சு" என்று நோயைச் சொல்லிவிட்டுத்தான் கையில் குறட்டை எடுப்பாள்.

அதற்கு முன்பு பதினாறு வருஷம் பை தயாரிக்கும் ஆலையில் ஜிப்புக்கு ரன்னர் கோக்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை அதே வேலை. அவளுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு ஜிப்பால்தான். ஆலையில் சரக்கு லிப்ட் பழுதாகிவிட்டது என்று ஒரு மெக்கானிக் வந்தார். கழுத்து முதல் கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த உடுப்பு. வேலை முடிந்து கழற்றப் பார்க்கிறார், கழுத்துவரை இழுத்த ஜிப் இறங்க மாட்டேன் என்கிறது. நல்ல வெயில் காலம். மனுஷர் உள்ளே வெந்துகொண்டிருந்தார். மேஸ்திரி கத்திரிக்கோலைக் கொண்டுவந்துவிட்டார்.

"கத்திரிக்கோலைக் கீழ வைங்க மேஸ்திரி. நல்ல துணியைப் பாழாக்காதீங்க" என்று முன்னால் வந்தாள் அவள். பென்சிலை எடுத்து ஜிப் பற்களின் மேல் நாலு முறை தேய்த்தாள். "மூச்சை உள்ள இழுங்க" என்றாள். அவர் இழுத்தார். ஜிப் இறங்கிவிட்டது. அவர் நன்றி சொல்லவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் லிப்ட் மறுபடியும் பழுது. அதற்கடுத்த வாரமும் பழுது. "பத்து வருஷமா ஓடின லிப்டுக்கு இப்ப என்ன கேடு வந்துச்சு?" என்று மேஸ்திரி தலையைப் பிய்த்துக்கொண்டார். நாலாவது வாரம் மெக்கானிக்கின் அக்கா, அவளைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தாள். "லிப்டை நீங்களாதானே கெடுத்தீங்க?" என்று ஜிப்பக்கா கல்யாணத்தன்று கேட்ட கேள்விக்கு, இருபத்திரண்டு வருஷமாகியும் பதில் வரவில்லை. பேச்சு என்றால் அவருக்கு அவ்வளவு சிக்கனம்.

நடுவில் ஒரு கெட்ட வருஷமும் வந்தது. லிப்ட் பள்ளத்தில் கால் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஏழு மாதம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அதே வருஷம் ஆலையும் வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டு மூடிக்கொண்டது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. மாடிப்படிக்கு அடியில் அந்த இடத்தைப் பிடித்து ஜிப்பக்கா மிஷின் போட்டது அப்போதுதான். இப்போது அவர் எழுந்து நடமாடி, பழையபடி வேலைக்குப் போகிறார். மகள் கண் பரிசோதனைப் படிப்பில் இரண்டாவது வருஷம். வாழ்க்கை தடம் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஒரு மதியம் தோல்பையோடு ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லி. நகத்தோரங்களில் நீலச் சாயம். பத்து நிமிஷ வேலைதான், முடித்துக் கொடுத்தாள். மறுநாளும் வந்தான். "பை நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்டடத்துப் படியில் உட்கார்ந்தான். மடியில் ஒரு நோட்டு. இவள் பக்கம் பார்ப்பான், எதையோ குறிப்பான், மறுபடி பார்ப்பான். மூன்றாம் நாளும் அதே படி, அதே நோட்டு.

தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. "அளவெடுக்க ஆள் வந்துட்டான் ஜிப்பக்கா" என்று டீக்கடைக்காரர் காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவள் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

"தம்பி, எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. எத்தனை அடி போகுது?"

"எதுக்கா?"

"கடைதான். எத்தனை அடி இடிக்கப் போறீங்க?"

அவன் பதறிப்போய் நோட்டைத் திருப்பிக் காட்டினான். பக்கம் முழுக்கக் கைகள். குறடு பிடித்த கை, நூல் அறுக்கும் கை, ரன்னரை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்க்கும் கை. எல்லாம் அவளுடையவை. ஜிப்பக்கா தன் கையையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"என் விரல் இவ்வளவு தடியாவா இருக்கு?"

"இருக்குக்கா."

பொய் சொல்லாத ஆள் என்று அவளுக்குப் பிடித்துவிட்டது. கடையிலிருந்த முக்காலியைத் தூக்கி வெளியே போட்டாள். அதற்குப் பிறகு நாலு மாதம் அந்த ஓவியன் தெருவே கதியென்று கிடந்தான். சலூனில் உட்கார்ந்தான், டீக்கடையில் உட்கார்ந்தான், மொட்டை மாடிகளில் ஏறினான். கடைசியில் அவனை யாரும் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று பிறகு ஒருமுறை சொன்னான்.

அழைப்பிதழ் வந்தது இந்த வருஷம். பழைய பார்சல் அலுவலகத்தைச் சுண்ணாம்படித்துக் கண்காட்சிக் கூடமாக்கியிருந்தார்கள். 'நம்ம பக்கம்: அன்றாட வாழ்க்கையும் வட்டாரப் பண்பாடும்' என்று கண்காட்சிக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஜிப்பக்கா கடைக்கு விடுமுறை விட்டாள். கணவர் தன் சட்டையைத் தானே இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வாசலில் ஆளுயரப் பலகை ஒன்றில் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. ஜிப்பக்கா பாதி படித்துவிட்டு நின்றாள்.

"வட்டாரப் பண்பாடுன்னா என்னங்க?"

கணவர் பலகையைத் தலைமுதல் அடிவரை பார்த்தார். "நாமதான் போல" என்றார்.

உள்ளே நாற்பது படங்கள். பேருந்துக்கு நிற்கும் வரிசை, சலூன் கண்ணாடியில் மூன்று முகங்கள், டீக்கடையில் ஒரு செய்தித்தாளை ஐந்து பேர் படிப்பது, மொட்டை மாடியில் காயும் துணிகள், மருத்துவமனை பெஞ்சில் ஒரு பெண். தினமும் பார்க்கிறவைதான். ஆனாலும் சட்டத்துக்குள் பார்க்கும்போது முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது. "அம்மா, அங்க பாரு" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்ச்சுவரில் தனியாக மாட்டியிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துக் குனிந்த உருவம். மிஷினின் கைச்சக்கரத்தில் பெயின்ட் உதிர்ந்த இடம்கூட அப்படியே இருந்தது. பதினெட்டு டப்பாவும் இருந்தது, அவள் எண்ணிப் பார்த்தாள். மடியில் ஒரு பச்சைப் பெட்டி. முகம் பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை: 'சுமை'.

அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கூட வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அந்தக் கண்ணைப் பாருங்க. எத்தனை வருஷத்து வேதனை!" பக்கத்திலிருந்த அம்மாள், "உதட்டை எப்படி இறுக்கி வெச்சிருக்காங்க பாருங்க. வெளிய சொல்ல முடியாத துக்கம்" என்றாள். இன்னொருத்தி உச்சுக்கொட்டினாள். "பாவம்."

வேதனையையும் துக்கத்தையும் பொறுத்துக்கொண்ட ஜிப்பக்காவால் பாவத்தைப் பொறுக்க முடியவில்லை.

"பாவமா? யாருங்க பாவம்?" என்றாள். கூடத்தில் குரல் கணீரென்று எதிரொலித்தது. எல்லோரும் திரும்பினார்கள். படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். "வாயில நாலு குண்டூசி இருக்குங்க! வாயைத் திறந்தா தொண்டைக்குள்ள போயிடும். உதட்டை இறுக்காம பின்ன என்ன பண்றது?"

தாடிக்காரர் படத்துக்கு அருகே போய்க் குனிந்தார். உதட்டோரத்தில் நாலு வெள்ளைப் புள்ளிகள். ஓவியன் உள்ளதை உள்ளபடியே வரைந்திருந்தான். பார்த்தவர்கள்தான் பார்க்கவில்லை.

"அப்போ... துக்கம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார், ஏதோ பறிகொடுத்தவர்போல.

"அந்தப் பச்சைப் பெட்டி வந்த அன்னிக்குத்தான் இதோ இவ, என் பொண்ணு, முதல் வருஷம் பாஸ் பண்ணினா. மதியம் போன் வந்துச்சு. வாயில ஊசி மட்டும் இல்லேன்னா பாட்டே பாடியிருப்பேன்."

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கூடமே சிரித்தது. தாடிக்காரரும் சிரித்துவிட்டார். தூணோரம் நின்றிருந்த ஓவியன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் ஜிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. நாலு மாதம் தன் கடை வாசலில் வெயிலில் காய்ந்த பிள்ளை. அவனுடைய நல்ல நாளில் போய் நாக்கை நீட்டிவிட்டோமே என்று, அவனிடம் ஒரு வார்த்தை பேசாமலே கணவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் முகம் கழுவப் போனவள் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றாள். ஊசி இல்லாமல் உதட்டை இறுக்கிப் பார்த்தாள். கணவர் வாசற்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. என் மூஞ்சி சோகமாவா இருக்கு?"

அவர் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

"மூஞ்சி தெரியாது. உனக்குச் சோகம் வந்தா நீ பாத்திரம் தேய்ப்பே. தேய்ச்ச பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பே. நான் படுத்துக் கிடந்தேனே ஏழு மாசம், தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். எந்திரிச்சுப் போயி அந்தக் கரண்டியை உன் கையில இருந்து பிடுங்க முடியலையேன்னு இருக்கும்." எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இப்ப அந்தச் சத்தம் கேக்குறதில்ல. ரொம்ப நாளாச்சு."

அவர் ஒரேயடியாக இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. தான் தேய்த்ததை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். அந்த ஏழு மாதத்தில் எவனாவது வந்து வரைந்திருந்தால் 'சுமை' என்று தாராளமாக எழுதியிருக்கலாம். அப்போது யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் விரட்டியிருப்பாள்.

"கதவு சத்தமும் நின்னுடுச்சு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஓவியன் வந்தான். கூடவே கண்காட்சிப் பொறுப்பாளர் மேடமும் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, வேகமாக நடக்கிற பெண்மணி. ஜிப்பக்கா முந்திக்கொண்டாள்.

"தம்பி, நேத்து நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். உங்க படத்துல ஒரு குறையும் இல்ல. மிஷினை அப்படியே இறக்கி வெச்சிருக்கீங்க."

"படம் சரிக்கா. பேருதான் தப்பு. நான் குண்டூசியை வரைஞ்சேனே தவிர, அது எதுக்கு இருக்குன்னு யோசிக்கல" என்றான் அவன். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நீங்களே ஒரு பேர் சொல்லுங்க."

"நானா? நான் ஜிப்புக்கு ரன்னர் போடுறவ தம்பி. பேர் வெக்கிறதெல்லாம்..."

"மூஞ்சி உங்களுதுதானே?" என்றார் மேடம்.

ஜிப்பக்கா இரண்டு ஜிப் தைத்து முடிக்கும்வரை யோசித்தாள். அவர்களும் வெயிலில் காத்திருந்தார்கள். "வாயில குண்டூசி. அப்படியே எழுதிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பேசுவது காதில் விழுந்து சலூன்காரர் துண்டோடு வந்துவிட்டார். "ஜிப்பக்காவுக்கு மாத்தலாம்னா எங்களுக்கும் மாத்தணும் மேடம். என் கடைப் படத்துக்குக் 'காத்திருப்பு'ன்னு போட்டிருக்காங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தன்தான் முடிவெட்ட வந்தவன். மத்த ரெண்டு பேரும் ஊர்வம்பு பேச வந்தவனுங்க."

மேடத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அன்று மாலையே நாற்பது படங்களுக்குக் கீழேயும் ஒரு வெற்று அட்டையும் நூலில் கட்டிய பேனாவும் தொங்கின. படத்தில் இருப்பவர்கள் வந்து, தங்கள் படத்துக்குத் தாங்களே பெயர் எழுதலாம். ஓவியன் வைத்த பெயரும் மேலே அப்படியே இருக்கும்.

தெருவே திரண்டு போனது. சலூன் படத்துக்குக் கீழே 'மூணு பேர்ல ஒருத்தன்தான் முடிவெட்ட வந்தவன்' என்று ஏறியது. டீக்கடைப் படத்துக்கு வைத்த 'நகரத்தின் இதயம்' என்ற பெயரின் கீழே டீக்கடைக்காரர், 'படிச்சிட்டுப் பேப்பரை வெச்சிட்டுப் போங்க' என்று எழுதினார். மொட்டை மாடித் துணிகளுக்கு 'வண்ணங்களின் மௌனம்' என்றிருந்ததை மூன்றாம் மாடி அம்மாள் படித்துவிட்டு, 'அந்தப் பச்சைத் துண்டு எங்களுது இல்ல, மேல் வீட்டுக்காரங்களுது' என்று எழுதிக் கோடும் போட்டாள். மறுநாளே மேல் வீட்டுக்காரம்மா வந்து அதன் பக்கத்தில் 'ஆமா, எங்களுதுதான். இன்னும் திருப்பித் தரல' என்று எழுதிவிட்டுப் போனாள்.

மருத்துவமனை பெஞ்சில் இருந்த பெண்ணும் ஒருநாள் தனியாக வந்தாள். படத்துக்கு 'நிச்சயமின்மை' என்று பெயர். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, 'இது சரியாத்தான் இருக்கு' என்று எழுதிவிட்டுப் போனாள். ஓவியனுக்கு எல்லா அட்டைகளையும்விட அதுதான் பெரிதாக இருந்தது என்று மேடம் சொன்னார்.

படம் பார்க்க வந்த கூட்டம் அட்டை படிக்கவும் வந்தது. கண்காட்சியை இன்னும் மூன்று வாரம் நீட்டினார்கள். ஜிப்பக்கா கடையை மூடியதும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒருநாள் போனபோது மேடம் கேட்டார், "நம்ம பக்கத்துல இன்னும் யாராவது விட்டுப்போச்சா ஜிப்பக்கா?"

"ஒருத்தர் விட்டுப்போயிட்டாரு" என்றாள் அவள், கேள்விக்காகவே காத்திருந்தவள்போல. "மாடி ஏறுற கால் இருக்கு, வரிசையில நிக்குற கால் இருக்கு. லிப்ட் ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா? அதுக்கு அடியில பள்ளத்துல ஒரு மனுஷன் நின்னுட்டிருக்காரு. அவர் ஒழுங்கா வேலை பார்த்தா யாருக்கும் தெரியாது. பார்க்கலேன்னாதான் தெரியும்."

"யாரு அது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

கணவர் ஒரேயடியாக மறுத்தார். "உள்ள இருட்டு, கிரீஸ், கரப்பான்பூச்சி. இதை யார் பார்ப்பா?" என்றார். "நான் பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க வேலையை நான் எங்க பார்த்தேன்?" என்றாள் ஜிப்பக்கா. மறுநாள் அவரே பழைய தலைக்கவசம் ஒன்றைத் துடைத்து எடுத்து வைத்தார்.

ஓவியன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் அவரோடு பள்ளத்தில் இறங்கினான். முதல் இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஓவியன், "இந்தக் கனமான இரும்பு எதுக்கு?" என்று கேட்டான். அவ்வளவுதான், அணை உடைந்தது. எடைக்கட்டை மேலே போகும்போது கூண்டு ஏன் கீழே வருகிறது, கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்தால் விரலுக்கு எப்படித் தெரியும், நிற்க வேண்டிய தளத்துக்கு ஒரு அங்குலம் முன்பே நின்றுவிடும் கிழட்டு லிப்டை எப்படித் தாஜா பண்ணுவது என்று சொல்லித் தீரவில்லை. வீட்டுக்கு வந்தும் பேச்சு. "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "ரன்னர் மாத்தியாச்சு" என்றாள் ஜிப்பக்கா.

படம் கடைசி வாரத்தில் சுவருக்கு வந்தது. கறுப்புப் பள்ளத்தில் தலைவிளக்கின் மஞ்சள் வட்டம், அதில் எண்ணெய்க் கைகள், மேலே தூரத்தில் சதுரமாகக் கொஞ்சம் பகல். ஓவியன் தன் பங்குக்குப் பெயரே எழுதவில்லை. கீழே அட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. பெயர் யோசிக்க அவர் நாலு நாள் எடுத்துக்கொண்டார். நூலில் கட்டிய பேனாவைப் பிடித்து எழுத்துக் கூட்டுகிறவர்போல எழுதினார்: 'இன்னும் அஞ்சு நிமிஷம்'. மேலே நின்று கத்துகிறவர்களுக்கெல்லாம் பள்ளத்திலிருந்து அவர் சொல்கிற ஒரே பதில் அதுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் ஏதோ கம்பி சரிபார்க்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். அட்டையைப் படித்து ஒரு பெண்மணி சிரித்தாள். "எங்க பில்டிங் லிப்ட்காரரும் இதையேதான் சொல்வாரு. அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாகும்."

"அது ஏன்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

ஜிப்பக்காவும் மகளும் கூடத்தின் நடுவிலிருந்த பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வந்தவர்கள் ஒருவர், இருவராகிப் பத்துப் பேரானார்கள். கணவர் இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டி எடைக்கட்டையையும் கூண்டையும் விளக்கிக்கொண்டிருந்தார். நரைத்த தாடிக்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டினார்.

"சாப்பிடக் கூப்பிடட்டுமாம்மா? ரெண்டு மணியாச்சு" என்றாள் மகள்.

"பேசட்டும் விடு. எனக்குப் பசிக்கல" என்றாள் ஜிப்பக்கா. பசித்தது. ஆனாலும் கால்களை நன்றாக நீட்டிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்கத் தொடங்கினாள்.